பட்டுப்புடவையை டிரை கிளீனிங் கொடுக்கும் முன் கறைக்கு அடையாளம் வையுங்கள்

பாயசம், இளநீர், ஜூஸ் சிந்திய இடத்தைச் சுற்றி மெல்லிய ஊசியில் வெள்ளை நூல் கோத்துத் தளர்வாக ஓட்டுத்தையல் போடுங்கள். என்ன சிந்தியது என்பதையும் கடையில் சொல்லி, ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

டிரை கிளீனிங்கில் தண்ணீருக்குப் பதில் பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்தான் துணியை அலசுகிறது. எண்ணெய், நெய் அதில் நன்றாகக் கரையும். சர்க்கரையும் வியர்வை உப்பும் கரையாது. இளநீர்க் கறை காய்ந்ததும் கண்ணுக்கே தெரியாது, இஸ்திரிச் சூடு பட்டதும் பழுப்பாகத் தலைகாட்டும். இடம் தெரிந்தால் கடைக்காரர் அங்கே மட்டும் முதலில் ஈரமாகக் கறை எடுப்பார். அதுவரை வீட்டில் இஸ்திரி போடவே கூடாது.

ஆர்கன்சா, டிஷ்யூ புடவைகளில் ஊசித்துளை தெரியும். அவற்றுக்குத் தையல் வேண்டாம், இடத்தைக் காட்டிச் சொன்னால் போதும். குண்டூசியோ துருப்பிடித்துப் புதுக்கறை வைக்கும். கறையே இல்லாமல் இரண்டு மணி நேரம் உடுத்திய புடவைக்கு டிரை கிளீனிங்கே தேவையில்லை, நிழலில் காற்றாட விட்டு மடித்து வையுங்கள். வியர்வையில் ஊறியிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உப்பு பட்டிழையையும் சாயத்தையும் கெடுக்கும்.