யெல்லோ பெல்லி பால் பைத்தானை கண்டுபிடிச்சு ஐவரி எடுக்குறது எப்படி?

பால் பைத்தான்னா பந்து மாதிரி சுருண்டுக்குற, வீட்டுல வளக்குற ஒரு வகை மலைப்பாம்பு. அதுல யெல்லோ பெல்லினு ஒரு மார்ஃப், அதாவது நெறமும் டிசைனும் மாறின ஒரு ரகம், புதுசா வளக்குறவங்க கண்ணுக்கு சாதா பாம்பு மாதிரியேதான் தெரியும். ஆனா ரெண்டு யெல்லோ பெல்லிய ஜோடி சேத்தா வெண்ணெய் நெறத்துல, நடுமுதுகுல மட்டும் லேசா மஞ்சள் ஓடுற ஐவரி பொறக்கும், அவ்ளோ அழகு!

முதல் வேலை அடையாளம் பாக்குறது, இதுலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. தோல் உரிச்ச ரெண்டு நாள்ல பகல் வெளிச்சத்துல கையில எடுங்க, பேர்ல மஞ்சள் வயிறுனு இருக்கேனு நடுவயித்த பாக்காதீங்க, வயித்துச் செதிலும் பக்கவாட்டு டிசைனும் சேர்ற ஓரத்தப் பாருங்க. சாதா பாம்புல அங்க கருப்புப் புள்ளி கண்டபடி சிதறிக் கிடக்கும், யெல்லோ பெல்லில வயிறு சுத்தமா இருந்து ஓரத்துல மட்டும் கட்டம் கட்டமா விட்டு விட்டு வரும். பக்கவாட்டுல கீழேருந்து தீ நாக்கு மாதிரி வெளிறி மேல ஏறும். கூடப் பொறந்த குட்டிகள பக்கத்துல வச்சுப் பாத்தா இன்னும் நல்லா தெரியும்.

அடுத்து எடை போடுங்க. பெண் 1500 கிராமாவது இருக்கணும், ஆணுக்கு 600, 700 போதும். ஆணை ரெண்டு மூணு நாள் பெண்ணோட டப்பால விட்டுட்டு எடுத்து ரெஸ்ட் குடுங்க, திரும்ப விடுங்க. முட்டைக்கு முன்னாடி பெண் ஒருவாட்டி தோல் உரிக்கும், அதுலேருந்து சுமார் ஒரு மாசத்துல முட்டை போடும்.

முட்டைய எடுக்கும்போது மேல்பக்கம் பென்சில்ல ஒரு புள்ளி வைங்க, அந்தப் பக்கம் மேலயே இருக்கணும், உருட்டவே கூடாது. இன்குபேட்டர்ல 31, 32 டிகிரி, 55லேருந்து 60 நாள்.

கணக்கு என்னன்னா, ஒவ்வொரு முட்டைக்கும் நாலுல ஒரு பங்கு ஐவரி, ரெண்டு பங்கு யெல்லோ பெல்லி, ஒரு பங்கு சாதா. இது முட்டைக்கு முட்டை தனித்தனியா குலுக்குற மாதிரி, 6 முட்டைல ஒண்ணுகூட ஐவரி வராம போக கிட்டத்தட்ட 18 சதவீதம் வாய்ப்பிருக்கு, மனசு விட்றாதீங்க.

என்னைக் கேட்டா ஒரு ஐவரிய சாதா பாம்போட சேக்குறதுதான் பெஸ்ட், ஏன்னா பொறக்குற எல்லாமே யெல்லோ பெல்லிதான், அந்தக் குட்டிகள பாத்தே கண்ணு பழகிடும். யெல்லோ பெல்லினு நம்பி நான் வாங்கின ஒரு பெண்ண மூணு வருஷம் வளத்து, ரெண்டு தடவை முட்டை எடுத்தும் ஐவரி வரல, அப்புறம் ஓரத்த உத்துப் பாத்தா புள்ளி சிதறித்தான் கிடந்துச்சு. அதனால சந்தேகமான குட்டிய விக்கும்போது சந்தேகம்னே சொல்லி குடுங்க.