விசில் கழுத்தில் ஏறும் முன்: ஹேண்ட்பால் ஆட்டக்காரர் பயிற்றுநராகும்போது செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் ஒருவர் பயிற்றுநர் ஆவது பெரும்பாலும் தற்செயலாகத்தான் நடக்கிறது. பள்ளியில் போலா பாலிங், அதாவது ஹேண்ட்பால், ஆடி, மாநில அணி வரை போய், வேலை, குடும்பம் என்று ஊருக்குத் திரும்பியிருப்பார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காரர் ஒருவர் சாப்பாட்டுக் கடையில் பார்த்து, "தம்பி, நம்ம பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன், மாவட்டப் போட்டி வருது" என்பார். மறுநாள் சாயங்காலமே திடலில் நிற்பார், கழுத்தில் விசில். நல்ல மனசோடு தொடங்குகிற வேலைதான். ஆனால் ஆயத்தம் இல்லாமல் தொடங்குவதால் கஷ்டப்படுவது பிள்ளைகள்.

முதல் தவறு, ஆட்டத்தை முழுதாக நிறுத்திய பிறகுதான் பயிற்சி கொடுப்பதைப் பற்றி யோசிப்பது. ஜெர்மனியின் கீல் அணிக்கு ஆடிய செக் நாட்டுக்காரர் பிலிப் யீகா 2010இல் உலகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையைக் கையில் ஏந்தியவர். அப்படிப்பட்டவரும் நேராகத் தலைமைப் பயிற்றுநர் நாற்காலியில் போய் உட்காரவில்லை. 2018இல் கீல் அணியின் அப்போதைய தலைமைப் பயிற்றுநர் ஆல்ஃப்ரெட் கிஸ்லாசனுக்கு உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தார், 2019இல் பொறுப்பேற்றார், 2020இல் அதே கோப்பையைப் பயிற்றுநராகவும் வென்றார். சம்பளம் வாங்கி முழுநேரம் ஆடியவருக்கே உதவியாளர் காலம் தேவைப்பட்டிருக்கிறது. ஹேண்ட்பால் ஆடிக் குடும்பம் நடத்த முடியாத நம் நாட்டில் அது இன்னும் அவசியம். ஆடிக்கொண்டிருக்கும்போதே வாரத்தில் ஒரு நாள் ஓர் ஆசிரியருக்கோ மூத்த பயிற்றுநருக்கோ உதவியாக நின்றால் போதும். பந்து பொறுக்குவதாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது கண்ணில் பட ஆரம்பிக்கும்.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சொல்லிக்கொடுப்பதற்குப் பதிலாக ஆடிக்காட்டுவது. ஜம்ப் ஷாட்டை, அதாவது எகிறி எறிவதை, எடுத்துக்கொள்வோம். பயிற்றுநர் ஓடிவந்து, எகிறி, வலை கிழிகிற மாதிரி அடிப்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அப்புறம் "இதேபோல அடி" என்பார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன புரியும்? வலக்கை ஆட்டக்காரருக்கு இடது, வலது, இடது என்று மூன்று எட்டு (காலடி). கடைசி இடது காலில்தான் எழும்ப வேண்டும். எழும்பும்போது வலது முட்டி மேலே வரும், பந்து தலைக்குப் பின்னால் போகும், முழங்கை தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது, உடம்பு திரும்பிய பிறகுதான் கை வரும். ஆடியவருக்கு இவை எல்லாம் ஒரே அசைவு, பிள்ளைக்கு ஐந்து தனித்தனி வேலைகள்.

ஆகவே சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டு, பந்தே இல்லாமல் எட்டு வைக்கச் சொல்ல வேண்டும். காலில் பழகிய பிறகு, நின்ற இடத்திலிருந்து எறிய விட வேண்டும். இரண்டையும் சேர்ப்பது அதற்கும் பிறகு. அவசரப்பட்டால் பிள்ளை தப்பான காலில் எழும்பப் பழகிவிடும். அதைத் திருத்துவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். இன்னொன்று, தோற்றுப்போன எறியைப் பார்த்து "ஏன் அடிக்கலே?" என்று கேட்பதில் பயனில்லை. "கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாஞ்சாரு, பாத்தியா?" என்று கேட்டால் அடுத்த முறை பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்க்கும்.

பந்திலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. வழக்கமான 3ஆம் எண் பந்தின் சுற்றளவு 58 முதல் 60 செ.மீ., எடை 425 முதல் 475 கிராம். அது ஆண்களுக்கும் 16 வயதைத் தாண்டிய பையன்களுக்கும் உரியது. 8 முதல் 12 வயதுப் பையன்களுக்கும் 8 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கும் 1ஆம் எண் பந்து: 50 முதல் 52 செ.மீ., 290 முதல் 330 கிராம். ஸ்டோரில் இருப்பது பெரிய பந்துதான் என்று அதையே தூக்கிக் கொடுத்தால், ஒரு கையில் பிடிக்க முடியாத பிள்ளை இரண்டு கையாலும் அணைத்துத் தள்ளும், முழங்கை தாழும், தோள் வலிக்கும். பயிற்றுநரோ பிள்ளைக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். கையில் பணம் குறைவாக இருந்தால் ஜெர்சியை அடுத்த வருஷம் தைக்கலாம். சரியான அளவுப் பந்தை முதலில் வாங்குங்கள்.

முட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹேண்ட்பாலில் கனமான காயம் பெரும்பாலும் இடித்துக்கொள்வதால் வருவதில்லை. ஓடிவந்து காலை ஊன்றிச் சட்டென்று திரும்பும்போதும், எகிறி ஒற்றைக் காலில் இறங்கும்போதும் முட்டி உள்பக்கமாக மடங்கி, உள்ளே இருக்கும் தசைநார் அறுகிறது. பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். நார்வேயில் 1,837 இளம் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஓட்டம், சமநிலை, தரையிறங்கும் முறை, தசைவலு ஆகியவற்றை முறையாகச் சேர்த்த வார்ம்அப் செய்தவர்களுக்கு முட்டி, கணுக்கால் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதற்குப் பிடிப்பது பதினைந்து இருபது நிமிடம். நம் திடல்களில் நடப்பது வேறு. இரண்டு சுற்று ஓடவிட்டு, மழை வருவதற்குள் ஆட்டத்தை ஆரம்பித்துவிடுவோம். மழை நின்றதும் ஈரச் சிமெண்டில் மறுபடியும் ஆட்டம். "நாங்கள்லாம் அப்படித்தான் ஆடினோம்" என்பார்கள் மூத்தவர்கள். அப்படி ஆடியவர்களில் எத்தனை பேர் இன்று மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடிக்கிறார்கள் என்று அவர்களே யோசிக்கட்டும். வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை "நடிக்காதே" என்று அதட்டுவதும் இதே தவறில் சேர்த்தி.

தான் ஆடிய காலத்து விதியையே சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. கோல் அடிக்க முயலாமல் பந்தை வைத்து இழுத்தடித்தால் நடுவர் கை தூக்கி எச்சரிப்பார். அதன் பிறகு ஆறு பாஸ் வரை போகலாம் என்று 2016இல் வரையறுத்தார்கள். 2022இல் அதை நான்காகக் குறைத்துவிட்டார்கள். ஆறு என்றே பழகிய அணி ஐந்தாவது பாஸில் பந்தை இழந்துவிட்டு நடுவரைத் திட்டும். அனைத்துலக ஹேண்ட்பால் சம்மேளனம் விதிப்புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது.

இடம் பிரித்துக் கொடுப்பதிலும் நம்மவர்களுக்கு ஓர் அவசரம். உயரமானவனைப் பின்வரிசையில், குள்ளமானவனை ஓரத்தில், குண்டாக இருப்பவனைக் கோலில் நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. கோல்கீப்பருக்கு வேண்டியது சட்டென்று அசையும் காலும் பயப்படாத மனசும். குண்டுப் பையனைத் தண்டனை போல அங்கே நிறுத்தினால் இரண்டு மாதத்தில் அவன் ஆட்டத்தையே விட்டுவிடுவான். பன்னிரண்டு வயது வரை எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடட்டும். இடக்கைப் பிள்ளை ஒன்று கிடைத்தால் மட்டும் வலது ஓரத்தையும் வலது பின்வரிசையையும் முன்னமேயே பழக்கிவிடலாம். அந்தப் பக்கத்திலிருந்து கோலுக்குக் கிடைக்கும் கோணம் இடக்கைக்குத்தான் அகலம்.

போட்டி நாளில் வாயை அடக்குவது பெரிய வேலை. பெஞ்சில் இருந்து கத்திப் பயிற்றுநர் இரண்டு நிமிடத் தண்டனை வாங்கினால், களத்தில் பிள்ளைகள் ஓர் ஆள் குறைந்து ஆட வேண்டும். நம் கோபத்துக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏன் விலை கொடுக்க வேண்டும்? டைம்அவுட் ஒரே நிமிடம். மூச்சு வாங்கி, தண்ணி குடித்து முடிக்கவே அதில் பாதி போய்விடும். மிச்சத்தில் ஒரு விஷயம்தான் காதில் ஏறும். "நம்பர் ஏழு வலது பக்கம்தான் வெட்டறான், மூடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சான்றிதழ், பணம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் மூன்று நிலைகள் உண்டு. விளையாட்டு அறிவியல் தனித் தேர்வு, குறிப்பிட்ட விளையாட்டு தனி. பலர் ஒன்றை முடித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் முடித்தால்தான் மேலே போக வழி. ஊர்ப் பிள்ளைகள்தானே என்று சம்பளமே பேசாமல் தொடங்குவதும் நல்லதல்ல. பெட்ரோல் காசாவது எவ்வளவு, யார் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. சொந்தமாகப் பயிற்சி நடத்துகிறவர் இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதி) தானாகக் கட்டலாம், சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) திட்டத்தையும் விசாரித்துப் பார்க்கலாம்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் எந்தச் சலுகையும் கூடாது. ஈப்போவுக்குப் போட்டிக்குப் போகும்போது ஒரு பிள்ளையை மட்டும் தனியாகக் காரில் ஏற்றிக்கொண்டு போவது, இரவில் தனியாக வாட்ஸ்அப்பில் பேசுவது இரண்டையும் தொடக்கத்திலேயே தவிர்த்துவிட வேண்டும். செய்தி என்றால் பெற்றோர் இருக்கும் குழுவில் போடுங்கள், பெண்பிள்ளைகள் அணியோடு ஓர் ஆசிரியையோ ஒரு தாயாரோ கூட வரட்டும். சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்றுநரைப் போல நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவருக்குத் தண்டனையைக் கூட்டுகிறது. நல்ல பயிற்றுநருக்கும் இந்த ஒழுங்கு ஒரு காப்புதான்.

கடைசியாக ஒன்று. கையில் கிடைத்த நல்ல ஆட்டக்காரரைப் பிடித்துவைத்துக்கொள்வது. மாவட்டக் கோப்பை கைவிட்டுப் போகுமே என்று மாநிலத் தேர்வுச் செய்தியைப் பெற்றோரிடம் தாமதமாகச் சொல்கிறவர்கள் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவுக்கு அந்தத் தேதி வேறு எந்த வழியாகவும் தெரிய வராது. அழைப்பு வந்த அன்றே அவர் வீட்டுக்குப் போய், இடம், நேரம், என்ன படிவம் நிரப்ப வேண்டும், வண்டிக்கு என்ன வழி என்று உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.