கிரானைட் பாறையில் ஆண்ட்ரியா பாசியைக் கண்டுபிடிப்பது எப்படி

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைகளில் ஏறுகிறவர்களில் பலர் ஆண்ட்ரியா என்ற பாசியை (moss) மிதித்துக்கொண்டேதான் போகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. பாசி என்றால் பச்சையாக இருக்கும் என்று நினைக்கிறோம். இதுவோ கருஞ்சிவப்பு, பழுப்பு, சில இடங்களில் சுத்தக் கறுப்பு. பாறையில் ஏதோ அழுக்குத் திட்டு என்று கண் தாண்டிப் போய்விடும்.

சுண்ணாம்புப் பாறைப் பக்கம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இதற்குக் கிரானைட் போன்ற அமிலத்தன்மையுள்ள பாறைதான் வேண்டும். மண் படியாத, காற்றும் வெயிலும் அடிக்கிற வெற்றுப் பாறைமுகம், அதிலும் மழைநீர் வழிந்து காயும் சரிவு என்றால் நான் அங்கேயே முட்டி போட்டுவிடுவேன். கிரானைட் முட்டியைக் கிழித்துவிடும் என்பதால் பழைய யோகா மேட்டில் வெட்டிய ஒரு துண்டு எப்போதும் என் பையில் இருக்கும். கூடவே பத்து மடங்கு கைலென்ஸ், ஒரு தண்ணீர் ஸ்ப்ரே.

அந்த ஸ்ப்ரேயை உடனே எடுத்துவிடாதீர்கள். மற்ற பாசிகளை முதலில் நனைத்துப் பார் என்பார்கள். ஆண்ட்ரியாவை முதலில் காய்ந்தபடியே பார்க்க வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, முகத்தைப் பாறைக்குக் கொண்டுபோங்கள். தண்டு நுனிகளில் ஒரு மில்லிமீட்டர் அளவில் காப்ஸ்யூல்கள், அதாவது விதை போன்ற ஸ்போர்கள் இருக்கும் சிறு கூடுகள், தெரிகின்றனவா? காய்ந்த காப்ஸ்யூல் நெடுக்குவாட்டில் நான்காகப் பிளந்திருக்கும். ஆனால் நுனி பிரியாது. நடுவில் மட்டும் புடைத்துக்கொண்டு, காகித விளக்குக் கூண்டு போல நிற்கும். அந்தப் பிளவுகள் வழியாகத்தான் ஸ்போர்கள் காற்றில் போகின்றன. இப்போது ஸ்ப்ரே அடியுங்கள். சிறிது நேரத்தில் பிளவுகள் மூடிக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். பெரும்பாலான பாசிகளின் காப்ஸ்யூலுக்கு ஒரு மூடி உண்டு, அது கழன்று விழும். இதற்கு மூடியும் இல்லை, வாய் ஓரத்தில் பற்களும் இல்லை. ஹனோவரில் மருந்தாளராக இருந்த ஆண்ட்ரியேயின் பெயரைத்தான் இந்தப் பேரினத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

காப்ஸ்யூல் கிடைக்கவில்லையென்றால் கொஞ்சம் சிரமம். இலை நுனியில் வெள்ளை முடி இருந்தால் அது கிரிம்மியா, ராகோமிட்ரியம் போன்ற வேறு பாசியாக இருக்கும், விட்டுவிடுங்கள். இலையே இல்லாமல் வெறும் கறுப்பு நூலாகப் படர்ந்திருந்தால் அது லைக்கன், பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழ்வது. இலைகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தால் பாசிக்கு உறவான லிவர்வோர்ட் செடி. ஆண்ட்ரியா காய்ந்திருக்கும்போது விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிரும்.

ஆண்ட்ரியாவில் எந்த இனம் என்பதை இலையின் நடுநரம்பு சொல்லும். நனைத்த ஓர் இலையைக் கிள்ளி வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். நரம்பு இல்லாவிட்டால் ருபெஸ்ட்ரிஸ் அல்லது ஆல்பினா. நரம்பு ஓடி, இலை ஒரு பக்கமாக வளைந்திருந்தால் பெரும்பாலும் ரோத்தி. நிவாலிஸுக்கும் நரம்பு உண்டு. ஆனால் அது கோடையிலும் பனி தங்குகிற உயரப் பள்ளங்களில் வளர்வது. அங்கே தனியாகப் போகாதீர்கள்.

பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி, நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச்செடியையும் வேரோடு எடுக்கக் கூடாது. பாசிக்கும் இது பொருந்தும். அண்டார்க்டிகாவிலும் ஆண்ட்ரியா உண்டு. அங்கே கப்பலில் சுற்றுலா போகிறவர்கள் பாறையில் கால் வைக்கும் முன் குனிந்து பார்த்தால் போதும், எதையும் எடுக்க வேண்டாம்.

அனுமதி இருந்தால் நகக்கண் அளவு மட்டும் எடுத்துக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பாறை வகை, உயரம், தேதி மூன்றையும் அங்கேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். மழையில் பேனா மை கரையும். காய்ந்து கிடந்த இலை நனைத்ததும் பழையபடி விரியும் என்பதால், நரம்பை வீட்டில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.