கழுத்து எக்ஸ்ரேயில் ஒரு கோடு: முறிவா, இயல்பான அமைப்பா?

விபத்தில் அடிபட்டு வந்தவரின் கழுத்துப் படத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது. உடனே ‘முறிவு’ என்று எழுதிவிட வேண்டாம். பிறவியிலேயே எலும்பு ஒட்டாமல் விட்ட இடமும் அப்படித்தான் தெரியும். படம் பார்க்கப் புதிதாகப் பழகுபவர்களுக்காக, நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன். முடிவு தெரியும் வரை கழுத்துக் காலரைக் கழற்றவே கூடாது.

படி 1: வயதைப் பாருங்கள். கழுத்து எலும்புகளை மேலிருந்து சி1, சி2, சி3 என்று எண்ணுவோம். சின்னக் குழந்தைகளுக்கு, சி2 எலும்பின் உடலுக்கும் அதன் மேலே பல் போல நிற்கும் முனையான டென்ஸுக்கும் நடுவே குருத்தெலும்பு இருக்கும். 3 முதல் 6 வயதுக்குள் அது ஒட்டிவிடும். ஒட்டிய தடம் 11 வயது வரைகூடத் தெரியலாம். டென்ஸின் நுனியில் இருக்கும் தனித் துண்டு ஒட்டுவதற்கு ஏறக்குறைய 12 வயதாகும்.

படி 2: விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். புது முறிவின் விளிம்பு, ஒடிந்த சாக்பீஸ் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். இரு பக்கமும் ஒன்றோடொன்று பொருந்தும். இயல்பான இடைவெளியில் விளிம்பு வழவழப்பாக, மெல்லிய வெள்ளைக் கரை கட்டியிருக்கும். சி1 எலும்பின் பின்வளைவில், நட்டநடுவில் இப்படி ஓர் இடைவெளி சுமார் 100 பேரில் 4 பேருக்கு உண்டு.

டென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் கரை கட்டிய உருண்டைத் துண்டு தனியாக நின்று, சி1 முன்வளைவும் தடித்திருந்தால் அது ‘ஆஸ் ஓடோன்டாய்டியம்’. புது முறிவு இல்லைதான். ஆனாலும் அந்த மூட்டு ஆட்டம் கொடுக்கலாம் என்பதால், ‘இயல்பு’ என்று எழுதி அனுப்பிவிடாமல் முதுகெலும்பு அறுவை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

படி 3: நிழலா என்று பாருங்கள். வாயைத் திறந்து எடுக்கும் படத்தில் மேல் முன்பற்களின் இடைவெளி டென்ஸின் மேல் விழுந்தால், அது நெடுக்காகப் பிளந்தது போலத் தோன்றும். சி1 வளைவின் நிழலோ அடியில் குறுக்குக் கோடு போடும். கோடு எலும்பைத் தாண்டி வெளியேயும் ஓடினால் அநேகமாக நிழல்தான். சந்தேகம் தீரவில்லையா? எக்ஸ்ரே குழாயின் கோணத்தை மாற்றுங்கள், கழுத்தை அல்ல.

படி 4: வரிசையைப் பாருங்கள். 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சி2, சி3-இன் மேல் சற்று முன்னே நகர்ந்தது போலத் தெரிவது சகஜம். பக்கவாட்டுப் படத்தில் சி1, சி3 இரண்டின் பின்வளைவு முன்விளிம்புகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். சி2-இன் விளிம்பு அந்தக் கோட்டிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் காயம் என்றே சந்தேகப்படுங்கள்.

அப்புறம், எலும்புக்கு முன்னால் உள்ள சதையின் தடிமன். பெரியவர்களுக்கு சி2 மட்டத்தில் 6, சி6 மட்டத்தில் 22 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதற்கு மேல் தடித்திருந்தால் காயத்தால் வந்த வீக்கமா என்று சந்தேகப்படுங்கள். ஆனால் அழுகிற குழந்தைக்குக் காயம் இல்லாமலேயே இது வீங்கித் தெரியும். வீக்கம் இல்லை என்பதால் முறிவு இல்லை என்றும் ஆகிவிடாது.

இவ்வளவு பார்த்தும் தெளிவில்லையென்றால் மெல்லிய வெட்டுகளில் சிடி எடுங்கள். கைகால் மரத்துப்போனாலோ பலவீனம் இருந்தாலோ எம்ஆர்ஐயும் வேண்டும். பழைய படம் இருந்தால் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். இயல்பான மாறுபாடுதான் என்று உறுதியானால், அதன் பெயரை அறிக்கையில் எழுதி, நோயாளியிடமும் சொல்லி அனுப்புங்கள். அடுத்த முறை வேறு மருத்துவமனையில் படம் எடுக்கும்போது அவரே அதைக் காட்டுவார்.