சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’: கார் ஸ்டார்ட் ஆகாதபோது செய்யக்கூடாதவை

போன மாரியில் ஒரு இரவு, திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையோரம் காரை விட்டிருந்தேன். விடியச் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். பற்றரி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, ஓட்டோ பிடித்து டவுனுக்குப் போய்ப் புதுப் பற்றரி வாங்கி வந்து போட்டேன். கார் ஸ்டார்ட் ஆனது. இரண்டு கிழமை கழித்து அதே சத்தம்.

இந்த முறை வந்து பார்த்த வயதான மெக்கானிக், “தம்பி, பழைய பற்றரியில பிழையே இருந்திருக்காது” என்றார். நெகட்டிவ் பக்கக் கிளாம்பைக் கழற்றிக் காட்டினார். வெளியே பளபளப்பாகத்தான் இருந்தது. உள்ளே, ஈயம் தொடும் இடத்தில் கரும்படலம். வயரின் உறையைக் கொஞ்சம் பிளந்தார். செம்புக் கம்பிகள் பச்சை பூத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. பற்றரி மாற்றியபோது கிளாம்பைக் கழற்றிப் பூட்டியதில் படலம் சுரண்டுப்பட்டு, அந்த இரண்டு கிழமை ஓடியிருக்கிறது.

திருகோணமலை டவுனுக்கு ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் வெளிக்கடல். எங்கே காரை விட்டாலும் உப்புக்காற்று தேடி வரும். அதனால் இங்கே பற்றரிக்குக் காசு கொடுக்கும் முன் கிளாம்புகளையும், எஞ்சினிலிருந்து பொடிக்கு (காரின் இரும்பு உடலுக்கு) போகும் எர்த் வயரையும் பார்த்தே ஆகவேண்டும். கழற்றும்போது நெகட்டிவ்தான் முதலில். பொசிட்டிவை முதலில் தளர்த்தினால், ஸ்பானர் பொடியில் பட்ட உடனே நெருப்புப் பறக்கும். அப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கரைசல் பற்றரிக்குள் போகக்கூடாது. நன்றாகக் காய்ந்ததும் பொசிட்டிவை முதலில் பூட்டி, இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின் பூசுங்கள்.

அடுத்த பெரிய பிழை, விடாமல் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், அப்புறம் ஒரு நிமிடமாவது விடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டர் சூடேறிக் கருகும், மிச்சமிருந்த சார்ஜும் போய்விடும். அந்த ஒரு நிமிடத்தில் கேட்ட சத்தத்தை யோசித்துப் பாருங்கள். தொடர்ந்து ‘டிக் டிக்’ என்றால் சார்ஜ் இல்லை, அல்லது கிளாம்பில் தொடர்பு இல்லை. லைற் பிரகாசமாக எரியும்போதே ஒரேயொரு ‘டக்’ என்றால் ஸ்டார்ட்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பெற்றோல் அல்லது ஸ்பார்க். ஒரு சத்தமும் இல்லையா? ஓட்டோ கியர் (தானாக மாறும் கியர்) என்றால் லீவர் ‘பி’யில் (பார்க்கிங்) நிற்கிறதா, பிரேக்கை முழுதாக மிதித்தீர்களா என்று பாருங்கள். இதற்காகவே மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்களை எனக்குத் தெரியும்.

சின்ன மல்ற்றிமீற்றர் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. இரவு முழுவதும் ஓடாமல் நின்ற காரின் பற்றரி 12.6 வோல்ற்று காட்டினால் சார்ஜ் நிறைந்திருக்கிறது. 12 வோல்ற்று என்றால் கிட்டத்தட்ட இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். வராவிட்டால், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்ற்றனேற்றரைப் பாருங்கள். ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். வோல்ற்று ஒரேயடியாக எகிறி, காரின் கம்பியூட்டரை எரித்துவிடும்.

பக்கத்து வீட்டுக் காரின் பற்றரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது, அதாவது ஜம்ப் கொடுக்கும்போது, கறுப்பு வயரின் கடைசி முனையை நின்றுபோன காரின் பற்றரியில் மாட்டாதீர்கள். எஞ்சினில் பெயின்ற் இல்லாத இரும்பில், பற்றரிக்குத் தள்ளி மாட்டுங்கள். பற்றரியிலிருந்து ஐதரசன் கசியும், ஒரு பொறி போதும். ஹைபிரிட் காரிலிருந்து இன்னொரு காருக்கு ஜம்ப் கொடுக்கவே வேண்டாம். அதன் செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் மின்னழுத்தம், கை வைக்கக்கூடாது. ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. எத்தனை பேர் தள்ளினாலும் களைப்புத்தான் மிச்சம்.

வாடைக்காற்று காலத்தில் வெள்ளத்துக்குள் நின்றுபோன காரின் கதை வேறு. அங்கே சாவியைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்ற்றிங் ரொட் வளைந்துவிடும். பற்றரியைக் கழற்றிவிட்டு, கட்டியிழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

நிலாவெளிப் பக்கம் நின்றுபோய் டவுனிலிருந்து மெக்கானிக்கை அழைப்பதானால், வெறுமனே ‘ஸ்டார்ட் ஆகுதில்லை’ என்று சொல்லாதீர்கள். எந்தச் சத்தம் கேட்டது, லைற் மங்கியதா, கடைசியாக எப்போது பெற்றோல் அடித்தீர்கள் என்று சொல்லுங்கள். பற்றரி கொண்டுவருவதா, பெற்றோல் கானோடு வருவதா என்று அவரே முடிவெடுப்பார்.