நாகர்கோவிலிலிருந்து துபாய்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிடும் முறை

குமரி மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு முதன்முறையாகப் புறப்படுவோர் பலர், பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்த்து, அதுவே பறக்கும் நேரம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். சரியான கணக்கை நாமே போட்டுவிடலாம்.

முதலில் பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையம் சாலைவழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நெரிசல் வேளையில் கூடுதலாகவே வேண்டும்.

அடுத்து வான்வழித் தூரம். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, திருவனந்தபுரம் விமான நிலையத்தின் மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, பின்னர் துபாய் விமான நிலையத்தின் மீது சொடுக்குங்கள். ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர் என்று வரும். எனக்குப் பிடித்தது கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளம். டிஆர்வி, டிஎக்ஸ்பி என்ற நிலையக் குறியீடுகளைக் கொடுத்தாலே போதும், உருண்டைப் புவியின் மீதான மிகக் குறுகிய பாதையை அது வரைந்து காட்டிவிடும். நகரின் பெயரை மட்டும் கேட்கும் தளங்களை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அவை பெரும்பாலும் நகர மையத்திலிருந்து அளக்கின்றன.

இந்தத் தடத்தில் பறக்கும் நடுத்தர விமானங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 2,950ஐ 830ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஓடுபாதைக்கு நகர்வதற்கும், மேலேறி இறங்குவதற்கும் அரை மணி முதல் முக்கால் மணி வரை சேர்த்தால், நான்கு மணி நேரத்தை ஒட்டி நிற்கும்.

இனி வருவதுதான் பலரும் இடறும் படி. இந்திய நேரம் துபாய் நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தியது. எடுத்துக்காட்டாக, சீட்டில் புறப்பாடு 04:30, வருகை 07:15 என்றிருந்தால் வித்தியாசம் 2 மணி 45 நிமிடம். அதனுடன் ஒன்றரை மணியைக் கூட்டினால் 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது கழிக்க வேண்டும்: துபாயில் 22:00க்கு ஏறி இங்கே 03:30க்கு இறங்கினால், ஐந்தரை மணியிலிருந்து ஒன்றரை போக நான்கு மணி நேரம். மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் உயரக் காற்று துணை சேரும் காலங்களில், திரும்பும் பயணம் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

லண்டன் செல்லும் வாசகர் ஒருவர் தமது கணக்கு ஒரு மணி நேரம் பிசகுவதாக எழுதியிருந்தார். துபாயில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம்தான். பிரிட்டனிலோ மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவதால், நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது நான்கரை மணி, மற்ற மாதங்களில் ஐந்தரை மணி.

நள்ளிரவு விமானங்களுக்குத் தேதியை இருமுறை பாருங்கள். சனிக்கிழமை 00:40 என்று சீட்டில் இருந்தால், மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தை அடைய, வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்குள் நாகர்கோவிலைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். வாடகைக் காருக்குச் சொல்லும்போதும் வெள்ளிக்கிழமை என்றே சொல்லுங்கள்.