இறக்குமதிப் போட்டியால் ஆலை வேலை இழந்தவர் எதை, எப்படிக் கேட்டுப் பெறலாம்?

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளின் பட்டறைகளானாலும், மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளானாலும், சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆலைகளானாலும், வெளிநாட்டு மலிவுச் சரக்கு சந்தைக்குள் வந்தால் முதலில் ஷிஃப்ட் குறையும், பிறகு ஆள் குறையும். அந்த நிலையில் தொழிலாளி அரசிடமும் நிர்வாகத்திடமும் எவற்றைக் கேட்கலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கென்றே ஒரு தனித் திட்டம் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் இருந்தது. அதிலும் 2022 ஜூலை முதல் புதிதாக எவருக்கும் தகுதிச் சான்று வழங்கப்படுவதில்லை. நம் நாட்டில் அப்படியொரு திட்டம் இல்லை. தீப்பெட்டிக்குப் போட்டியான, 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்ததும், அடிமாட்டு விலையில் வந்து குவியும் சில வெளிநாட்டுப் பொருள்கள் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிப்பதும் தொழிலைக் காக்கும் நடவடிக்கைகளே. அவற்றிலிருந்து தொழிலாளியின் கைக்கு நேரடியாகப் பணம் வராது. ஆகவே எந்த நாட்டுச் சரக்கால் ஆலை நொடித்தது என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டியதில்லை. நம் சட்டங்கள் கேட்பது நீங்கள் எப்படி வேலையிலிருந்து வெளியேறினீர்கள் என்பதைத்தான். தாமாக விலகினாரா, ஆட்குறைப்பு செய்யப்பட்டாரா, ஆலை மூடப்பட்டதா என்ற ஒரே கேள்வியின் விடையில் ஏறத்தாழ எல்லாத் தகுதியும் அடங்கியிருக்கிறது.

எனவே, “கணக்கு முடிக்கிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்று நிர்வாகம் நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. அது ராஜினாமாக் கடிதமாகவோ விருப்ப ஓய்வு விண்ணப்பமாகவோ இருந்தால், கீழே சொல்லப்படும் உதவிகளில் பெரியவை அந்த இடத்திலேயே போய்விடும். இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் மாதாந்திரக் கணக்கில் ஊதியமில்லாத தொழிலாளியின் பெயருக்கு நேராக நிர்வாகம் ஒரு காரண எண்ணைக் குறிக்க வேண்டும்: 2 என்றால் வேலையை விட்டு விலகியவர், 10 என்றால் ஆட்குறைப்பு செய்யப்பட்டவர், 11 என்றால் வேலை இல்லை. கணினியின் முன் அமர்ந்திருக்கும் கணக்கர் பழக்கத்தில் 2 என்று தட்டிவிடுவது உண்டு. வெளியேறும் முன்பே என்ன எண் பதியப்படுகிறது என்று கேளுங்கள். ஆட்குறைப்பு அல்லது மூடல் என்று தெளிவாக எழுதிய கடிதத்தை, தேதியும் முத்திரையுமாக வாங்கி வையுங்கள்.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்கு இரண்டு உதவிகள் உண்டு. முதலாவது, 2005 முதல் நடப்பிலிருக்கும் ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்தவர், சராசரி நாள் ஊதியத்தில் முதல் 12 மாதங்களுக்குப் பாதியும் அடுத்த 12 மாதங்களுக்குக் கால் பங்கும் பெறலாம். அந்தக் காலம் முழுவதும் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும். நாளொன்றுக்கு 600 ரூபாய் ஊதியம் பெற்றவருக்கு முதல் ஆண்டில் 1,09,500 ரூபாயும் இரண்டாம் ஆண்டில் 54,750 ரூபாயும் வருகின்றன. இரண்டாவது, 2018 ஜூலையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. இதில் வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள்கள் வரை மட்டுமே உதவி கிடைக்கும். தொடக்கத்தில் இருந்த கால் பங்கு விகிதத்தில் அதே தொழிலாளிக்கு 13,500 ரூபாய் வரும்; 2020-இல் விகிதம் பாதியாக உயர்த்தப்பட்டது, அந்தக் கணக்கில் 27,000 ரூபாய். அவ்வப்போது கால நீட்டிப்புப் பெற்று வரும் திட்டம் இது என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளதா, விகிதம் என்ன என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ராஜினாமா செய்தவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இரண்டுமே கிடையா. மேலே உள்ள தொகைகளைப் பார்த்தால், ஒரு கையெழுத்தின் விலை என்னவென்று விளங்கும்.

அடுத்தது நிர்வாகம் தர வேண்டிய இழப்பீடு. ஓராண்டு தொடர்ச்சியாக, அதாவது 240 நாள்கள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, இதற்கு மேலாக, ஆட்குறைப்புக்கு ஆளான ஒவ்வொருவருக்கும் 15 நாள் ஊதியத்தை, புதிய தொழில்திறன் கற்க உதவும் மறுதிறன் நிதியில் நிர்வாகம் செலுத்த வேண்டும் என்றும், அது 45 நாள்களுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்றும் சொல்கிறது.

இறக்குமதி என்ற சொல் உண்மையில் உரசும் இடம் ஆலை மூடலுக்கான இழப்பீடுதான். நிர்வாகத்தின் கட்டுப்பாட்டை மீறிய, தவிர்க்க முடியாத சூழலால் ஆலை மூடப்பட்டால் இழப்பீட்டை மூன்று மாத ஊதியத்தோடு நிறுத்திக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. “சீனச் சரக்கு வந்து விற்பனை படுத்துவிட்டது, நாங்கள் என்ன செய்வது” என்ற பேச்சு இங்கேதான் எழும். ஆனால் பண நெருக்கடியோ, நட்டமோ, விற்காமல் தேங்கிய சரக்கோ மட்டும் தவிர்க்க முடியாத சூழல் ஆகாது என்று பழைய தொழிற்தகராறுச் சட்டமும் புதிய தொகுப்பும் வெளிப்படையாகவே கூறுகின்றன. இருபது ஆண்டு உழைத்தவருக்கு மூன்று மாத ஊதியத்துக்கும் பத்து மாத ஊதியத்துக்கும் உள்ள இடைவெளி இது. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இந்த விதியைக் கையில் வைத்திருங்கள்.

பணிக்கொடை இவற்றிலிருந்து வேறானது. ஐந்தாண்டு முடித்தவர் ராஜினாமா செய்திருந்தாலும் அதைப் பெறலாம். அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்த கடைசி மாதத் தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டும். 15,600 ரூபாய் வாங்கிப் பன்னிரண்டு ஆண்டு வேலை செய்தவருக்கு 1,08,000 ரூபாய் வரும். பி.எஃப். கணக்கில் நிர்வாகம் வெளியேறிய தேதியைப் பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதங்கள் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் பதியலாம். பத்தாண்டுக்குக் குறைந்த பணிக்காலம் உள்ளவர்கள் அவசரப்பட்டு ஓய்வூதியப் பங்கை எடுத்துவிடாமல் இதுவரையிலான பணிக்காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழை பி.எஃப். அலுவலகத்தில் வாங்கினால், அடுத்த வேலையின் ஆண்டுகள் இவற்றோடு சேர்ந்து ஓய்வூதியத் தகுதிக்குக் கணக்காகும்.

நிர்வாகம் மறுத்தால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். 45 நாள்களில் தீர்வு வராவிட்டால் தொழில் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம்; அதற்கான கெடு வேலை போன நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போயிருந்தால் சங்கத்தின் மூலமோ தனியாகவோ, அந்த நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலரிடம் உரிமைகோரல் படிவம் தருவதும் அவசியம்.

ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்தவர்கள் தங்களுக்கு எதுவும் இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ. பங்களிப்புக்கு முதன்மை நிர்வாகமே, அதாவது ஒப்பந்தக்காரரை அமர்த்திய ஆலையே பொறுப்பு என்பதால், காப்பீட்டு எண்ணை வைத்து எத்தனை மாதங்கள் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு இ.எஸ்.ஐ.யின் வேலையிழப்பு உதவிகள் பொதுவாகக் கிடைக்கா; தமிழ்நாடு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தால் பிள்ளைகளின் கல்வி, திருமணம், இயற்கை மரணம், விபத்து ஆகியவற்றுக்கான உதவிகள் கிடைக்கும். 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம்.